கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறக்கும்முன்: ஆளைக் காப்பது வேறு, சிப்பைக் காப்பது வேறு

"ரேம் மாத்தப் போறீங்களா? ரப்பர் செருப்பு போட்டுக்கங்க, ஷாக் அடிக்காது" என்பார் ஒருவர். "செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட நில்லுங்க, இல்லாட்டி ரேம் போயிடும்" என்பார் இன்னொருவர். கேட்பவர் குழம்பிப்போய், ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதலாமவர் ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறார், இரண்டாமவர் கம்ப்யூட்டரின் நினைவகச் சிப்புகள் பதித்த பலகையை, அதாவது ரேமைக் காப்பாற்றப் பார்க்கிறார். கம்ப்யூட்டருக்குள் கை வைக்கும்போது இரண்டு வேறு வேறு ஆபத்துகள் உண்டு. ஒன்று, சுவர் பிளக்கிலிருந்து வந்து நம்மைத் தாக்குவது. மற்றது, நம் உடம்பிலிருந்து போய் சிப்பைத் தாக்குவது. திசையே நேர் எதிர். அதனால் ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்குக் கெடுதலாகப் போகிறது. இந்த இரண்டையும் "ஷாக்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டியதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். பிரித்துப் பார்த்தால் பயப்பட வேண்டிய இடம் எது, தைரியமாகக் கை வைக்கலாம் என்கிற இடம் எது என்று தெளிவாகத் தெரியும்.

## உயரமும் ஓட்டமும்

மொட்டைமாடி டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கீழே குழாயில் தண்ணீர் வரும். மின்சாரத்தில் அந்த உயரத்துக்குப் பெயர் வோல்டேஜ், அளவு வோல்ட். குழாயில் உண்மையில் ஓடும் தண்ணீர்தான் கரண்ட், அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் ஓட்டம் குறையும் அல்லவா, அந்தக் குறுகலுக்குப் பெயர் மின்தடை, அளவு ஓம். வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் கரண்ட் கிடைக்கும்.

உடம்பைப் பாதிப்பது ஓடும் கரண்ட்தான். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லி ஆம்பியர் ஓடினால் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது விரல்கள் இறுகிக்கொண்டு, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. வீட்டு மெயின் போர்டில் வைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுக் காப்பு ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும்படி செய்யப்பட்டிருப்பது இதனால்தான்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நிற்கும் உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல இது தாராளம். ஆனால் கம்ப்யூட்டரின் பாகங்களைச் செருகும் பெரிய பலகையான மதர்போர்டில் இருப்பது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகியவைதான். உலர்ந்த கையின் மின்தடை பல ஆயிரம் ஓம்; 20,000 என்று வைத்தாலும் 12 வோல்ட் அதில் தள்ளுவது 0.6 மில்லி ஆம்பியர். தொட்டால்கூடத் தெரியாது.

ஆக, மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் கரண்ட் அடிக்கும் பொருள்கள் அல்ல. அப்படியானால் 230 வோல்ட் எங்கே நிற்கிறது?

## பெட்டிக்குள் ஒரு பெட்டி

கேபினெட்டின் பின்புறம் பவர் கார்டு செருகும் இடத்தில், உள்பக்கமாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுதான் எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, மதர்போர்டுக்கு வேண்டிய சிறு வோல்டேஜ்களாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அபாயமான வோல்டேஜ் முழுவதும் அந்தத் தகரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே வரும் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு பொது வயர். புதிய மாடல்களில் எல்லாமே கறுப்பாகவும் வருகின்றன. நிறம் எதுவானாலும் இவை நம்மைக் கொல்லும் வயர்கள் அல்ல.

தகரப் பெட்டிக்குள் இருப்பதுதான் வேறு கதை. உள்ளே போன 230 வோல்ட் முதலில் ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றப்படுகிறது. 230 என்பது ஒரு வகைச் சராசரி. ஏறி இறங்கும் அந்த அலையின் உச்சி சுமார் 325 வோல்ட். அந்த உச்சி அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைக்க, கட்டைவிரல் கனத்தில் ஒரு உருளை நிற்கும். சில பெட்டிகளில் இரண்டு நிற்கும். அதன் பெயர் கெப்பாசிட்டர். மின்சாரத்தை நிரப்பி வைக்கும் குடம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போதைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் இந்தக் குடம் 380 வோல்ட்டுக்கு மேலேகூட நிரம்பி நிற்கும்.

தெருக்குழாயை அடைத்த உடனே குடம் காலியாகிவிடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் நிரம்பித்தான் இருக்கும். அதைச் சொட்டுச் சொட்டாக வடித்துவிட பக்கத்திலேயே ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். நல்ல நிலையில் இருந்தால் சில நிமிடங்களில் வடிந்துவிடும். கெட்டுப்போன எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த ரெசிஸ்டரே கருகியிருக்கலாம். நாம் திறக்க ஆசைப்படுவதும் கெட்டுப்போன பெட்டியைத்தான். பிளக்கே இல்லாத ஒரு பெட்டி கையை உதறித் தள்ளும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஆர்.சி.சி.பி.யும் இங்கே உதவாது. சுவரோடு தொடர்பே இல்லாத மின்சாரத்தை அது எப்படி அறியும்?

அதனால் என் உறுதியான கருத்து: அந்தத் தகரப் பெட்டியின் நான்கு ஸ்க்ரூக்களை, அந்த வேலையை முறையாகக் கற்காதவர் ஒருபோதும் கழற்றக் கூடாது. பேன் ஓடவில்லையா, கருகிய வாசனை வருகிறதா, பெட்டியோடு மாற்றிவிடுங்கள். காற்றுத் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு பேனைத் தள்ளிவிடுவதும் திறப்பதற்குச் சமம்தான்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வெளியே 12 வோல்ட்டும் அதற்குக் கீழும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

## டெஸ்டர் எரிகிறதே, ஏன்?

"உள்ளேதான் அடங்கியிருக்குன்னு சொல்றீங்க, எங்க வீட்டு சிபியூவைத் தொட்டாலே சுருக்குங்குதே?" என்று பலரும் கேட்பார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. முன்பு நாங்கள் இருந்த வாடகை வீட்டில் சிமெண்ட் தரை, ஐப்பசி மாதத்து ஈரம். வெறுங்காலோடு குனிந்து, கேபினெட்டின் பின்னால் பென் டிரைவைச் செருகப் போனபோது முன்கையில் எறும்பு கடித்ததுபோல இருந்தது. டெஸ்டரை ஒரு ஸ்க்ரூவின் தலையில் வைத்தேன். கண்ணாடிக்குள் மங்கலாக ஆரஞ்சு வெளிச்சம். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் கேபினெட்டுக்கும், மின்சாரம் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 110-ஐ ஒட்டிக் காட்டியது. சுவரில் இருந்த பிளக் பாயிண்டைக் கழற்றினார். மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லை. திருகாணி புத்தம் புதிதாக மினுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெரிய துளைதான் எர்த். வீட்டுக்கு வெளியே குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, தகட்டையோ குழாயையோ புதைத்து, அங்கிருந்து பச்சை வயர் இழுத்து வருவார்களே, அது வந்து சேர வேண்டிய இடம். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவும் அந்த நீளம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் ஒரு வடிகட்டி இருக்கும். மின்சாரத்தில் வரும் இரைச்சலைத் தகரத்தின் வழியாக எர்த்துக்குத் தள்ளிவிட, மின்சாரம் வரும் வயரான பேஸிலிருந்து தகரத்துக்கு ஒரு குட்டிக் கெப்பாசிட்டரும், நியூட்ரலிலிருந்து தகரத்துக்கு இன்னொன்றும் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் இவற்றின் வழியே வரும் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகரம் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கும். 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட். அதனால்தான் டெஸ்டர் எரிகிறது. ஆனால் அந்தக் குட்டிக் கெப்பாசிட்டர்கள் விடும் கரண்ட் மிகக் குறைவு, பெரும்பாலும் 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே. சுருக்கென்பதோடு நிற்பது அதனால்தான்.

அப்படியென்றால் கவலை வேண்டாமா? வேண்டும். உள்ளே ஏதாவது ஒரு வயர் உரிந்து தகரத்தில் பட்டாலும் டெஸ்டர் இதே போலத்தான் எரியும். துளிக் கசிவா, முழு மின்சாரமா என்று டெஸ்டர் பிரித்துச் சொல்லாது. எர்த் சரியாக இருந்தால் அப்படி உரிந்த வயர் உடனே பெரிய கரண்டை மண்ணுக்கு இழுத்து, பியூஸைப் போகவைக்கும், இல்லாவிட்டால் எம்.சி.பி. என்ற தானியங்கி ஸ்விட்சை விழவைக்கும். எர்த் இல்லாத வீட்டில் அந்த வயர் நம் கைக்காகக் காத்திருக்கும்.

இதற்கு ஒரு குறுக்கு வழியைச் சிலர் செய்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பிளக் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவது. டெஸ்டர் அணைந்துவிடும், வீட்டுக்காரரும் திருப்தியாகிவிடுவார். ஒரு நாள் அந்த நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால், கம்ப்யூட்டரின் தகரம் முழுக்க 230 வோல்ட் ஏறும். இப்படிச் செய்ய வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

## அணைத்துவிட்டேன் என்றால் என்ன பொருள்?

விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் தூங்கும், அவ்வளவுதான். எஸ்.எம்.பி.எஸ். விழித்தபடி மதர்போர்டுக்கு ஒரு 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்குக் காத்திருப்பு மின்சாரம் என்று பெயர். பவர் பட்டனைத் தொட்டதும் கம்ப்யூட்டர் எழுந்துகொள்வது இதனால்தான். பல மதர்போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்து இதைக் காட்டும். அந்த விளக்கு எரியும்போது ரேமையோ கிராபிக்ஸ் கார்டையோ பிடுங்குவதும் செருகுவதும் கூடாது. நமக்கு ஷாக் அடிக்காது, ஆனால் கார்டு போகலாம்.

சுவர் ஸ்விட்சை அணைத்தால்? நம் ஊர் ஸ்விட்ச் ஒரே ஒரு வயரைத்தான் துண்டிக்கும். அது பேஸாக இருக்க வேண்டும். வயரிங் செய்தவர் மாற்றிக் கொடுத்திருந்தால் ஸ்விட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும்; பேஸ் எஸ்.எம்.பி.எஸ். வரை வந்து நிற்கும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும், ஆனால் வயரில் உயிர் இருக்கும்.

இதைவிட அதிகம் பேர் ஏமாறுவது யூ.பி.எஸ்.ஸில். கரண்ட் கட், சுவரில் மின்சாரமே இல்லை, இதுதான் நேரம் என்று கேபினெட்டைத் திறப்பார்கள். கம்ப்யூட்டரின் பவர் கார்டு யூ.பி.எஸ்.ஸில் செருகியபடி இருக்கும். பேட்டரியிலிருந்து அது கொடுப்பதும் அதே 230 வோல்ட்தான். யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினால் நிலைமை இன்னும் மோசம். மின்சாரம் தொடரும், எர்த் மட்டும் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் செருகியிருந்தாலும் இதே கவனம் வேண்டும்.

எனவே பிடுங்க வேண்டியது கேபினெட்டின் பின்னால் செருகியிருக்கும் பவர் கார்டை. அந்த முனையைக் கண்ணால் பார்க்கும்படி மேசைமேல் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் உதவி செய்வதாக நினைத்து மறுபடி செருகிவிட மாட்டார்கள். அதோடு மானிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றிவிடுங்கள். மானிட்டர் கேபிளின் உலோக உறை இரண்டு பெட்டிகளின் தகரத்தையும் இணைக்கிறது. மானிட்டர் எர்த் இல்லாத பிளக்கில் இருந்தால், அதன் கசிவு கேபிள் வழியே நம் கேபினெட்டுக்கு வந்து சேரும்.

எல்லாம் கழற்றிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில பெட்டிகளில் பேன் ஒரு கணம் துள்ளி நிற்கும், மதர்போர்டு விளக்கு மெல்ல மங்கி அணையும். மிச்சமிருந்த மின்சாரம் செலவாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மதர்போர்டில் வேலை செய்ய இது போதும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறப்பதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல. கெப்பாசிட்டரின் வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் எஸ்.எம்.பி.எஸ். தானே இழுப்பதை நிறுத்திவிடும். குடத்தின் அடியில் மிச்சம் இருக்கவே செய்யும்.

## இப்போது சிப்பின் பக்கம்

ஆள் பத்திரம். இனி இரண்டாவது ஆபத்து.

சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்திருப்போம். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் கேட்கும். இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது மின்னூட்டம் ஒன்றில் தங்கிவிடுகிறது. இதுதான் ஸ்டாட்டிக், நிலைமின்சாரம். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சுளீரென்று நமக்கே தெரிகிறது என்றால், உடம்பில் சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்கிறது என்று பொருள்.

3,000 வோல்ட் நம்மை ஒன்றும் செய்யாதபோது 230 வோல்ட் கொல்வது எப்படி? சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரே ஒரு சொட்டு நீர் விழுவது போன்றது ஸ்டாட்டிக். உயரம் அதிகம், தண்ணீர் ஒரு சொட்டு. சுவர் மின்சாரமோ, உயரம் குறைவானாலும் வற்றாத டேங்க்.

அந்த ஒரு சொட்டு நம் தலையில் விழுந்தால் ஒன்றுமில்லை. ஒரு எறும்பின் தலையில் விழுந்தால்? சிப்புக்குள் இருக்கும் டிரான்ஸிஸ்டர்கள் என்னும் நுண்ணிய ஸ்விட்சுகளில் மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் படலம் சில நானோமீட்டர் கனம்தான், தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. சில பாகங்களுக்கு நூறு வோல்ட் ஸ்டாட்டிக்கே போதும் அந்தப் படலத்தைத் துளைக்க. அந்த அளவில் நம் விரலுக்கு எதுவும் தெரியாது, தீப்பொறியும் தெரியாது. ரேம் அன்றைக்கே செத்தால்கூடப் பரவாயில்லை. பாதி அடிபட்டு, சில மாதம் கழித்து, காரணமே சொல்லாமல் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோவதுதான் கொடுமை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஊழியர்கள் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு உட்காருவது இதற்காகத்தான்.

"நான் இருபது வருஷமா வெறுங்கையாலதான் மாத்துறேன், ஒண்ணும் ஆனதில்லை" என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். ஸ்டாட்டிக் தானாக வடிந்துவிடும். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நிற்பதும் வடித்துவிடும். அதே ஆள் ஏசி அறையில், கார்ப்பெட் மேல், ரப்பர் செருப்போடு நின்றால் கணக்கு மாறிவிடும்.

செருப்புக் குழப்பம் இங்கே தீர்கிறது. சுவர் மின்சாரத்துக்கு ரப்பர் ஒரு தடுப்பு. ஸ்டாட்டிக்குக்கு அதே ரப்பர், வடிய விடாமல் உடம்பில் தேக்கி வைக்கும் அணை. பவர் கார்டையே பிடுங்கிவிட்ட பிறகு முதல் ஆபத்து இல்லை. அதனால் செருப்பைக் கழற்றிவிடலாம்.

## கொத்தனாரின் ட்யூப்

இங்கே இன்னொரு வாதம் வரும். "பிளக்கைப் பிடுங்கினா எர்த் போயிடுமே, ஸ்டாட்டிக் எங்க போகும்? அதனால பிளக்கை வெச்சுட்டு ஸ்விட்சை மட்டும் அணைக்கணும்" என்பார்கள். எர்த்தும் ஸ்விட்சும் நம்பகமாக இருக்கும் இடத்துக்கு அது பொருந்தலாம். நம் வீட்டுப் பிளக் பாயிண்டுகளின் லட்சணத்தை மேலே பார்த்தோம். பிடுங்குவதே நல்லது.

சிப்புக்கு உண்மையில் எர்த் தேவையில்லை. வீடு கட்டும்போது கொத்தனார் நீளமான ட்யூபில் தண்ணீர் ஊற்றி இரண்டு சுவர்களில் மட்டம் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால் ஓட்டம் இருக்காது. நம் உடம்பும் கேபினெட்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும், கையிலிருந்து சிப்புக்கு எதுவும் பாயாது. அந்த ட்யூபை இணைப்பது எளிது: பெயிண்ட் பூசாத உலோகப் பகுதியை, ஸ்க்ரூத் தலையையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயிண்ட் இல்லாத தகரத்தையோ, கையால் தொடுவது. தொட்டபடியே புது ரேமின் கவரைப் பிரியுங்கள். எழுந்து போய்விட்டு வந்தால் மறுபடி தொடுங்கள். நடையிலும் நாற்காலி உரசலிலும் மட்டம் மாறியிருக்கும்.

மணிக்கட்டுப் பட்டை இந்தத் தொடுதலை நிரந்தரமாக்குகிறது. அதைக் கேபினெட்டின் தகரத்தோடு இணைக்கும் வயருக்குள் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று ஒளிந்திருக்கும். ஸ்டாட்டிக் அதன் வழியாகக்கூடக் கண நேரத்தில் வடிந்துவிடும். தவறிப்போய் 230 வோல்ட் பட்டாலும் அந்த வழியில் கால் மில்லி ஆம்பியரைத் தாண்டாது. ஆள், சிப் இரண்டையும் ஒரே பட்டையில் நினைத்த அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பட்டைக்குப் பதிலாக வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டால் அந்தக் காப்பு போய்விடும்.

கிராபிக்ஸ் கார்டு, ரேம் ஆகியவற்றை ஓரங்களில் பிடியுங்கள், தங்க நிறப் பல்லைத் தொடாதீர்கள். கழற்றியதை மேசைமேல் சாதாரண அட்டையில் வைக்கலாம். தெர்மாகோலும் பாலிதீன் பையும் வேண்டாம்.

## ஷாக் அடிக்காது, சுடும்

12 வோல்ட் ஆளை உலுக்காது. ஆனால் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். அந்த 12 வோல்ட்டில் சுமார் 40 ஆம்பியர் வரை கொடுக்க வல்லது. ஓடும் கம்ப்யூட்டரில் ஒரு மோதிரமோ வளையலோ இரண்டு வயர்களுக்குக் குறுக்கே பட்டால், தோலுக்குக் கரண்ட் வராது; உலோகம் பழுத்துச் சுட்டுவிடும். எஸ்.எம்.பி.எஸ். தானே அணைந்துகொள்ளும் என்றாலும் அந்தக் கண நேரமே அதிகம். கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, மூடும்முன் எண்ணிப் பாருங்கள். மதர்போர்டுக்கு அடியில் உருண்டுபோன ஒரு ஸ்க்ரூ, மின்சாரம் கொடுத்ததும் இதே வேலையைச் செய்யும்.

## மறுபடி செருகும்போது

பக்கத் தகட்டை மாட்டிய பிறகே பவர் கார்டைக் கையில் எடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்னால் ஸ்விட்ச் இருந்தால் அணைத்து வையுங்கள், சுவர் ஸ்விட்சும் அணைந்தே இருக்கட்டும். கார்டைக் கடைசிவரை அழுத்திச் செருகி, பிறகு சுவர் ஸ்விட்ச், கடைசியாகப் பெட்டியின் ஸ்விட்ச்.

ஸ்விட்ச் போட்டபடியே கார்டைச் செருகியிருக்கிறீர்களா? பிளக்கின் நுனியில் 'டிக்' என்று ஒரு சத்தமும் நீலப் பொறியும் வந்திருக்கும். பலரும் ஷார்ட் ஆகிவிட்டது என்று பதறி விடுவார்கள். தகரப் பெட்டிக்குள் காலியாக இருந்த அந்தக் குடம், ஒரே மடக்கில் 325 வோல்ட்டுக்கு நிரம்பிய சத்தம் அது.